வாடும் வீட்டுச் செடியைத் தேற்றுவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா, லாடியம் எனத் தமிழர் வாழும் பக்கமெல்லாம் செடி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டுக்குள்ளும் வராந்தாவிலும் தொட்டியில் வளரும் செடிகளுக்கான பதில்களே இங்கே உள்ளன. தோட்டத்து மண்ணில் வேரூன்றி நிற்கும் மரங்களின் கதை வேறு.

செடி வாடித் தொங்குகிறது. உடனே தண்ணீர் ஊற்றட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். உள்மண் காய்ந்து, தொட்டியும் லேசாக இருந்தால் அது தாகம்தான். தாராளமாக ஊற்றலாம். உள்ளே ஈரம் இருந்தும் செடி வாடியிருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

தாகத்துக்கும் நீர் மிகுதிக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு செடிகள் வீணாகின்றன. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. ஓயாமல் ஊற்றினால் அந்த இடுக்குகளில் நீர் நிரம்பி, ஆக்சிஜன் இல்லாமல் வேர் திணறும். திணறும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் அந்த நேரம் பார்த்துப் புகுந்து வேரை அழுக வைக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலைக்கு எதுவும் போய்ச் சேராது. வாட்டத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் நாம் மறுபடியும் ஊற்றுவோம். என்னிடம் காட்டப்படும் நோயாளிச் செடிகளில் பெரும்பாலானவை இப்படிப் பாசத்தால் மூழ்கியவைதான். அதனால் எந்தச் செடியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: வேரைப் பார்த்தீர்களா?

பீஸ் லில்லி மட்டும் கொஞ்சம் நாடகக்காரி. தாகம் எடுத்தால் செத்துவிட்டது போலத் தரையோடு சரியும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அப்படி எழவில்லை என்றால் அதற்கும் வேரைப் பார்க்க வேண்டியதுதான்.

வேரை எப்படிப் பார்ப்பது? அழுகியிருந்தால் என்ன செய்வது?

அடித்தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டுங்கள். மண்கட்டியோடு செடி வெளியே வந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பும் கருப்புமாகக் கொழகொழத்து, இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: டிரசீனா வகைகளின் வேர் இயல்பிலேயே ஆரஞ்சு நிறம். நிறத்தை மட்டும் பார்த்துப் பயந்து வெட்டிவிடாதீர்கள். அழுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அழுகல் உறுதியானால் பழைய மண்ணை உதறி, வேரைக் குழாய் நீரில் அலசுங்கள். கத்தரிக்கோலை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கெட்ட வேரை நல்ல பகுதி தெரியும் வரை வெட்டுங்கள். இரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டுவைத்தால் அங்கிருந்தே அழுகல் மறுபடி தொடங்கும். பாதி வேர் போய்விட்டதென்றால் இருக்கிற இலைகளையெல்லாம் அந்த மீதி வேரால் தாங்க முடியாது. அடியில் உள்ள முதிர்ந்த, மஞ்சளான இலைகளை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது புதுத் தொட்டி. மிச்சமிருக்கும் வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். நர்சரி மண் இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்) அல்லது கழுவிய பரும ஆற்று மணல் ஒரு பங்கு கலந்து நடுங்கள். ஒரு முறை தண்ணீர் விட்டு மண்ணைப் படிய வைத்தபின், மேல்மண் இரண்டு அங்குலம் காயும் வரை தொடாதீர்கள். வெளிச்சம் நிறைய இருக்கட்டும், நேர்வெயில் வேண்டாம். மெல்லிய இலைச் செடி என்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். இலை வழியாக நீர் இழப்பது குறையும். ஜேட் போன்ற சதைப்பற்றுச் செடிகளுக்கு இந்தக் கூடாரம் ஆகாது.

நான் அளவாகத்தான் ஊற்றுகிறேன். ஆனால் ஊற்றிய நீர் அப்படியே அடித்துளை வழியாக ஓடிவிடுகிறது. செடியும் காய்கிறது. ஏன்?

இங்கே விற்கும் தொட்டி மண்ணில் பைன் மரப்பட்டை மக்கு நிறைய இருக்கும். அது ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளிவிடும். மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விழும், நீர் அந்த வழியாக இறங்கிவிடும். நடுவில் இருக்கும் வேர் வறண்டே கிடக்கும். வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியைப் பாதியளவு அதில் இறக்கி அரை மணி நேரம் வையுங்கள். மேல்மண் கறுத்து ஈரமானதும் எடுத்து, நன்றாக வடிய விடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடலாம்?

நாள் கணக்கு சொல்லவே மாட்டேன். பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் மண் காய்வது ஒரு மாதிரி, ஜூலையில் லெனேசியாவில் ஹீட்டர் ஓடும் அறையில் காய்வது வேறு மாதிரி. கேப் டவுனில் மழையே குளிர்காலத்தில்தான். விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

அதோடு, செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். உலகம் முழுக்க வரவேற்பறைகளில் வளர்க்கும் செடிகளில் பல நம் காலடி மண்ணுக்குச் சொந்தமானவை என்பது இங்கே இருக்கும் பலருக்கே தெரியாது. ஸ்பைடர் பிளாண்ட், ஜேட், கிளைவியா மூன்றும் தென்னாப்பிரிக்காவில் தானாக வளர்பவை. இசட்-இசட் செடி கென்யாவில் தொடங்கித் தெற்கே குவாசுலு-நேட்டால் வரை இயற்கையாகவே காணப்படுகிறது. குவாசுலு-நேட்டாலில் மழை கோடையில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறட்சி. அந்த மாதங்களைத் தாண்டுவதற்காகவே ஸ்பைடர் பிளாண்ட் தன் வேரைத் தடிக்க வைத்து நீரைச் சேமிக்கிறது. ஜேட் இலையில் சேமிக்கிறது. இசட்-இசட் மண்ணுக்கடியில் கிழங்கில் வைத்திருக்கிறது. மூன்றுக்கும் குளிர்காலத்தில் வாரம் தவறாமல் ஊற்றுவது அவற்றின் பிறவிக் குணத்துக்கு எதிரானது. ஜேட்டின் இலை சுருங்கித் தோல் தளர்ந்தால் தாகம். இலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் உதிர்ந்தால் நீர் மிகுதி.

பீஸ் லில்லி அமெரிக்க வெப்பமண்டலக் காட்டிலிருந்து வந்தது. அதற்கு வறட்சி பழக்கமில்லை. மேல்மண் லேசாகக் காய்ந்ததுமே ஊற்ற வேண்டும். ஒரே அலமாரியில் ஜேட்டையும் பீஸ் லில்லியையும் பக்கத்தில் வைத்து ஒரே குவளையில் ஊற்றிக்கொண்டு போனால் இரண்டில் ஒன்று போய்விடும்.

கிளைவியா பூப்பதே இல்லை. இலையும் அடியில் அழுகுகிறது.

இரண்டும் வெவ்வேறு பிரச்சினையாக இருக்கலாம். கிளைவியா காட்டு மரநிழலில் வளர்வது. நேர்வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். பூக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் அதற்குக் குளிர்ச்சியும் ஓய்வும் வேண்டும். மே மாதத்திலிருந்து தண்ணீரை வெகுவாகக் குறைத்து, ஹீட்டர் இல்லாத அறையில் வையுங்கள். நடுவிலிருந்து பூந்தண்டு எட்டிப் பார்த்ததும் பழையபடி ஊற்றலாம். தொட்டி கொஞ்சம் நெருக்கமாக இருப்பதும் அதற்குப் பிடிக்கும்.

இலையடி அழுகியிருந்தால் விரித்துப் பாருங்கள். கருப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஒரு புழு இருக்கும். லில்லி துளைப்பான் என்பார்கள். இலைக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டே கீழே இறங்கும், தண்டை எட்டிவிட்டால் செடி சரிந்துவிடும். கோடை மாதங்களில் இலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்டதும் கையால் எடுத்துவிடுங்கள், பாதிக்கப்பட்ட இலையை அடியோடு வெட்டுங்கள். கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் புழுக்களுக்கான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் மருந்தை நர்சரியில் கேட்டு வாங்கித் தெளியுங்கள்.

தமிழருக்கு இந்தச் செடியோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1828ல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி இதற்குப் பெயர் வைத்தது நார்தம்பர்லாந்து கோமகள் ஷார்லட் கிளைவைக் கௌரவிக்க. அவர் ஆற்காட்டு முற்றுகையில் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவின் பேத்தி. அவருடைய தந்தை எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தவர்.

தமிழ்நாட்டு வீடியோக்களையும் ஆங்கிலப் புத்தகங்களையும் பார்த்து அப்படியே செய்கிறேன். பலனில்லையே?

அவை பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் சொன்னவை. நாம் தெற்கே இருக்கிறோம். நம் வானத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். ஆகவே வெயில் தேவைப்படும் செடிக்கு இங்கே வடக்கு ஜன்னல். தெற்கு ஜன்னலில் வெளிச்சம் குறைவு. அங்கே கறிவேப்பிலையை வைத்தால் வெளிறிப்போய் ஒல்லியாக நீளும். குளிர்காலத்தில் வடக்கு வெயில் தாழ்வாக வந்து அறைக்குள் வெகுதூரம் நுழையும். கோடையில் ஜன்னலோரம் பத்திரமாக இருந்த கிளைவியா ஜூனில் கருகுவது இதனால்தான்.

மாதங்களையும் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகம் மார்ச்சில் தொட்டி மாற்றச் சொன்னால் நமக்கு அது செப்டம்பர்.

கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

இந்தக் கேள்வியில் எப்போதும் ஒரு பதைப்பு இருக்கும், அது நியாயமானதும்கூட. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்ற நாளிலிருந்து, கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் நம் முன்னோர்களில் பலர். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் பலரை அந்த நிலங்களிலிருந்து கிளப்பி, சாட்ஸ்வர்த் போன்ற இடங்களில் சிறிய மனைகளுக்குத் தள்ளியது. தோட்டம் சுருங்கிய வீடுகளிலும் கறிவேப்பிலைக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஆயா வைத்த செடி என்று சொல்லி அழுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்.

நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே கீறுங்கள், பச்சை தொடங்கும் இடம் வரை உயிருள்ள பகுதி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,700 மீட்டருக்கு மேல் உயரம், உறைபனியும் விழும். அங்கே குளிர்காலத்தில் கறிவேப்பிலை இலை கொட்டுவது பெரும்பாலும் உறக்கம்தான். இலை இல்லாத செடி நீர் குடிக்காது. இந்தச் சமயத்தில் வழக்கம்போல் ஊற்றினால் உறங்கும் செடியை அழுக வைத்துவிடுவோம். தொட்டியை வடக்கு ஜன்னலோரம் கொண்டுவந்து, மண் முழுக்க வறண்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வெப்பம் ஏறியதும் காய்ந்த நுனிகளைப் பச்சை வரை வெட்டினால் பக்கக் கிளைகள் வெடிக்கும்.

டர்பன் கரையோரத்தில் உறைபனி இல்லை. அங்கே கோடையில் இலை கொட்டினால் குளிரைக் காரணம் சொல்ல முடியாது, வேரைப் பாருங்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து செடிக்கு எட்டவில்லை என்று பொருள். அளவோடு இரும்புச் செலேட் (செடி எளிதில் உறிஞ்சும் இரும்புச் சத்து) கொடுத்தால் புது இலை பச்சையாக வரும்.

புளித்த மோரைப் பற்றியும் கேட்பார்கள். தோட்டத்து மண்ணில் நிற்கும் மரத்துக்கு நீர்த்த மோர் ஊற்றுவதில் கெடுதல் இல்லை. வீட்டுக்குள் தொட்டியில் ஊற்றாதீர்கள். நாறும், கொசு வரும், நோயுற்ற வேருக்கு இன்னும் மூச்சு முட்டும். அரிசி கழுவிய நீருக்கும் இதே பதில்தான்.

பூஜை அறையில் வைத்த துளசி காய்ந்துகொண்டே வருகிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

துளசிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். பூஜை அறையில் அது கிடைக்காது. வெயில் படும் வாசலிலோ வடக்கு வராந்தாவிலோ வைத்து, விளக்கை அங்கே கொண்டுபோய் ஏற்றுங்கள். விளக்குச் சூடு இலையில் படாத தூரம் இருக்கட்டும். பாலையும் மஞ்சள் நீரையும் தினமும் மண்ணில் விட வேண்டாம். தொட்டிக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்துப் படைக்கலாம். பூக்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் செடி இன்னும் நாள் நிற்கும். ஆனாலும் துளசிக்கு ஆயுள் குறைவு. ஒன்றிரண்டு கதிர்களை முற்றவிட்டு விதை எடுத்து வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய ஹைவெல்டு மேட்டில் குளிர் கொன்றுவிட்டாலும் அடுத்த செப்டம்பரில் அதே துளசியின் பிள்ளை முளைக்கும்.

இலை நுனி மட்டும் பழுப்பாகிறது.

வறண்ட காற்றாலோ உரத்தின் உப்பாலோ இருக்கும். ஸ்பைடர் பிளாண்டுக்கு நீரில் உள்ள ஃபுளோரைடும் ஆகாது. மழைநீர் பிடித்து ஊற்றலாம். குளிர்கால முடிவில் உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பெர்க் காற்று சூடாகவும் வறட்சியாகவும் வீசும். ஒரே நாளில் வராந்தாச் செடிகளைப் பொரித்துவிடும். காற்று மாறினால் உள்ளே எடுத்து வையுங்கள். ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்ற பூச்செடியின் இலைகள் குளிர்காலத்தில் நுனியிலிருந்து பாதி வரை காய்வது மட்டும் அதன் இயல்பு. காய்ந்த பாதியை வெட்டினால் போதும்.

வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. மண்ணிலிருந்து சின்னக் கொசுவும் பறக்கிறது.

அந்தப் பஞ்சுதான் மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மாலை நேரத்தில் இலையின் இரு பக்கமும் தெளித்து, சற்று நேரம் கழித்து நல்ல நீரில் கழுவுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் சோதித்துப் பாருங்கள். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். முட்டைகள் பிறகுதான் பொரியும். ஒரே தடவையில் நிறுத்திவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. நோயுள்ள தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

கொசுவுக்கு மருந்தே வேண்டாம். அது ஈர மண்ணில் முட்டையிடுவது. மேல்மண்ணைக் காய விடுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செருகுங்கள். ஹைவெல்டு குளிர்காலத்தில் இலையில் மெல்லிய வலையும் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. ஷவரில் இலையின் அடிப்பக்கத்தை வேகமான நீரால் கழுவினாலே பெருமளவு போய்விடும்.

உரம் போட்டால் சீக்கிரம் தேறுமா?

தேறாது. கெட்ட வேருக்கு உரம் உப்புச் சுமை. புது இலை வந்து விரிந்தபின், பொதியில் சொன்ன அளவில் பாதி போடுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை மட்டும்.

பெரிய தொட்டிக்கு மாற்றினால்?

வேரே இல்லாத மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நோயாளிச் செடிக்கு அதைவிடக் கேடு இல்லை. அதிகம் ஊற்றும் கை என்று உங்களுக்கே தெரிந்தால் மண்தொட்டி வாங்குங்கள். அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும்.

எல்லாம் செய்தும் செடி போய்க்கொண்டிருக்கிறது. எப்போது கைவிடுவது?

வேர் முழுவதும் போய், அடித்தண்டும் கொழகொழத்துவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அதிலிருந்து இன்னொன்றை எடுக்க முடியும். மணி பிளாண்டின் பச்சைத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் வையுங்கள். ஸ்பைடர் பிளாண்டின் தொங்கும் குட்டியை மண்ணில் ஊன்றுங்கள். ஜேட்டின் துண்டைச் சில நாள் காய வைத்து நடுங்கள். இசட்-இசட் செடியின் ஒரு சிற்றிலைகூட வேர்விடும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இப்படிச் செய்வது தோல்வி ஆகாது. டர்பன் தாவரவியல் பூங்காவுக்குப் போனால் என்செஃபலார்டோஸ் வூடியை என்ற சைக்காட் இனத்தைப் பாருங்கள், பனைபோல் தோன்றும் பழமையான செடிவகை அது. 1895ல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் ஒங்கோயே காட்டில் கண்டது ஒரே ஒரு தூர். அதுவும் ஆண். பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை, காட்டில் அந்த இனமே இப்போது இல்லை. உலகத் தோட்டங்களில் இன்று நிற்பவை எல்லாம் அந்த ஒரே தூரின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை.

தேற எவ்வளவு காலம் ஆகும்?

தாகத்தால் வாடியது ஒரு நாளில் தெளியும். வேர் வெட்டி நட்டது கோடையில் என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் புதுத் துளிர் காட்டலாம். ஜூனில் நட்டது செப்டம்பர் வரை அசையாமல் நின்றாலும் பயப்பட வேண்டாம். மஞ்சளான பழைய இலை பச்சைக்குத் திரும்பாது. துளிரை மட்டும் கவனியுங்கள்.

செத்த செடியின் தொட்டியையும் மண்ணையும் மறுபடி பயன்படுத்தலாமா?

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ஜிக் (வெளுப்புத் திரவம்), ஒன்பது பங்கு நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, அலசி, வெயிலில் காய வைத்தால் பயன்படுத்தலாம். வேரழுகல் வந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள். பை கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். செடியை ஓடைக்கரையில் வீச வேண்டாம். அங்கே வேர்பிடித்துப் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் அந்நியச் செடிகளால் குவாசுலு-நேட்டால் மாகாணம் ஏற்கெனவே திண்டாடுகிறது.